முள்கரண்டிக்கு விழுந்த ஓட்டு

எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட வருஷம் நான் ஊராட்சித் தேர்தலில் வேட்பாளராக நின்றேன். கடைக்குப் போய் அரைக் கிலோ சர்க்கரை கேட்பதற்கு முன்னால் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போகிறவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். வருகிறவர்களிடம் அளவைத் தவிர வேறு எதுவும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் அந்தத் தொழிலே எனக்குப் பிடித்தது.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் வார்டு என்பது ஒரே நீளத் தெரு. ஒரு முனையில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதை டேங்க் பக்கம் என்போம். மறுமுனையில் பாசன வாய்க்கால். அது வாய்க்கால் பக்கம். எங்கள் வீடு வாய்க்கால் பக்கத்தில். டேங்கில் தண்ணீர் திறந்தால் வழியில் உள்ள வீடுகளில் எல்லாம் தங்கித் தங்கி, எங்களிடம் வந்து சேரும்போது குழாய் முதலில் இருமும். பிறகு நூல் மாதிரி ஒழுகும். டேங்க் பக்கத்தில் சிலர் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மார்கழியில் சுற்றிலும் எங்கே பார்த்தாலும் தண்ணீர். சம்பா பயிர் தண்ணீரில் நிற்கும், வாய்க்கால் கரையைத் தடவிக்கொண்டு ஓடும். குடிக்க ஒரு குடம் பிடிக்க மட்டும் விடியும் முன்னே தெருக்குழாயில் போய்க் குந்த வேண்டும்.

அந்தக் குழாயடியில்தான் என் புத்தகம் மற்றவர்களுக்குத் தெரிய வந்தது.

எனக்கு விஞ்ஞானக் கதை என்றால் உயிர். பள்ளிக்கூடத்து நூலக அலமாரியில் ஆரம்பித்த பழக்கம். என்னிடம் சொந்தமாக இருப்பவை சில. அவற்றில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பேன். வாரப் பத்திரிகையில் எப்போதோ வந்த தொடர்கதை அது. யாரோ வாரம் தவறாமல் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள். அது எப்படியோ கும்பகோணத்தில் ஒரு பழைய பேப்பர் கடைக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்தது. அப்போது எனக்கு இருபது வயது. முதல் பக்கம் கிடையாது; மற்ற வாரங்களின் தலைப்பையும் பைண்டு பண்ணும்போது வெட்டியிருந்தார்கள். அதனால் கதையின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. பக்கங்களின் பின்புறம் பாதித் துணுக்கும் பல்பொடி விளம்பரமும் இருக்கும். ஒரு துணுக்குக்கு இன்றைக்கு வரை எனக்கு முடிவு தெரியாது.

கதை செவ்வாய் கிரகத்தில் நடக்கிறது. அங்கே மண்ணுக்கு அடியில் நீளக் குகை வெட்டி மனிதர்கள் குடியிருக்கிறார்கள். துருவத்துப் பனிக்கட்டியை உருக்கி ஒரே குழாயில் அவர்களுக்குத் தண்ணீர் வருகிறது. குழாயைப் பழுது பார்ப்பவள் ஒரு பெண். அவள்கூட எப்போதும் ஒரு இயந்திர மனிதன் வருவான். எது நடந்தாலும் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். முதலில் படித்த காலத்தில் அந்த இயந்திர மனிதனுக்காகத்தான் படித்தேன். தண்ணீரெல்லாம் எனக்குக் கண்ணில் படவே இல்லை.

குழாயடியில் வரிசை நகராது. குடத்தை வைத்துவிட்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்தார். நடவுக்கும் களைக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவர் அவர். வயலின் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற குரல்.

"என்னடி அது, இவ்வளவு நேரமா மூஞ்சியத் தூக்காம?"

"கதைக்கா."

"என்ன கதை?"

"செவ்வாய்க் கிரகத்துல குடியிருக்கறவங்க கதை."

"அங்க போயும் குடித்தனந்தானா? சரி, என்ன பண்றாங்க?"

"தண்ணிக்கு நிக்கிறாங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் குழாயடி முழுக்கத் திரும்பியது. அன்றிலிருந்து தினமும் யாராவது கேட்பார்கள். "இன்னிக்கு எங்க இருக்காங்க உங்க ஆளுங்க?" நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய குரலில் சொல்வேன். யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் சொல்ல முடிந்தது. குடம் நிரம்பினால் கதை நின்றுவிடும். மிச்சம் மறுநாள்.

வார்டு பெண்களுக்கு என்று தெரிந்ததும், முந்தைய உறுப்பினர் தன் மனைவியை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் வீடு டேங்குக்கு எதிர்வீடு. அவரை நான் அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். அண்ணி நல்ல மாதிரி. ஆனால் அண்ணன் இருந்த காலம் முழுக்க நாங்கள் ஒரே ஒரு கேட் வால்வு கேட்டோம். தெருவின் நடுவில் குழாயில் ஒரு வால்வு போட்டு, கொஞ்ச நேரம் டேங்க் பக்கத்தை அடைத்து வைத்தால் எங்களுக்கும் தண்ணீர் வரும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று அவர் பதவிக்காலமே முடிந்துவிட்டது.

வாய்க்கால் பக்கத்து வீடுகள் கூடிப் பேசின. யாரை நிறுத்துவது என்று கேள்வி வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா யோசிக்கவே இல்லை.

"வால்வு மனுவெல்லாம் எழுதுனது யாரு? அவளே நிக்கட்டும்."

"எனக்குப் பேச வராதுக்கா."

"நான் பேசறேன். நீ பக்கத்துல நில்லு."

"நீங்களே நின்னுடுங்களேன்."

"களை வேலைக்கு ஆள் ஏத்திட்டு விடியக்காலம் போறவ நான். கூட்டத்துக்கெல்லாம் எப்படிடி போவேன்? நீ மெஷின்ல உக்காந்திருக்கறவ. எந்திரிச்சுப் போயிடலாம்."

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று திரும்பிப் பார்த்தேன். "நிக்கட்டுமே. வீட்ல என்கிட்ட பேசற மாதிரி ரெண்டு வார்த்தை பேசுனா ஆபீசே நடுங்கிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முடிவாகிவிட்டது.

போட்டியில் இரண்டே பேர். அண்ணி, நான். அண்ணிக்குச் சாவி சின்னம் வந்தது. எனக்கு முள்கரண்டி.

சாவி எல்லோர் இடுப்பிலும் தொங்குகிறது. முள்கரண்டியை எங்கள் தெருவில் யார் வீட்டில் பார்ப்பது? என் வீட்டுக்காரர் தஞ்சாவூர் வரை போய் ஒரு பாத்திரக் கடையில் பளபளவென்று ஒன்று வாங்கி வந்தார். அதை நான் கையில் பிடித்துக்கொள்ள, அக்கா முன்னால் நடக்க, வீடு வீடாகப் போனோம். அக்காதான் பேசுவார். நான் கரண்டியைத் தூக்கிக் காட்டுவேன். கை வலித்தால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வேன். அவ்வளவுதான் என் பிரசாரம்.

"இதென்ன, உடைஞ்ச சீப்பா?" என்றார்கள் ஒரு வீட்டில்.

"வெளிநாட்டுக்காரன் இதாலதான் சாப்பிடுவான்" என்றார் அக்கா.

"ரசம் சாதத்தை இதால எப்படி அள்ளுறது?"

"நீ ஓட்டைப் போடு. ரசத்தை நாங்க வந்து ஊத்தறோம்."

டீக்கடையைத் தாண்டும்போது அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் நேராகப் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "கையால சோறு திங்கறவன் எவனாச்சும் முள்கரண்டிக்குக் குத்துவானாய்யா?" கடை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அக்கா நின்றார். "தண்ணி இல்லாம கையைக் கழுவறது எப்படின்னு நீங்க சொல்லுங்கண்ணே, நாங்க கையாலயே திங்கறோம்" என்றார். அதற்கும் கடை சிரித்தது. நான் கரண்டியைக் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நடுவில் ஒரு நாள் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் என்னிடம் கிடந்தது.

"எனக்கு எதிராவும் நிக்கிற, எனக்கு ஜாக்கெட்டும் தைக்கிற" என்றார்.

"முடிச்சுட்டேன் அண்ணி. கொக்கி மட்டுந்தான் பாக்கி."

"கழுத்தை இறுக்கி வெச்சிடாத தாயே."

"இல்லண்ணி. போன தடவை அளவுதான்."

"அதான் பயமே. பிரசாரம் போன எடத்துல எல்லாம் காபி குடிச்சு உடம்பு ஊதிப்போச்சு."

தையலைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தருக்கு எதிராக எப்படி ஓட்டுப் போடுவது என்பது அப்போதுதான் முதலில் தோன்றியது. என் பெயரும் ஓட்டுச் சீட்டில் இருக்கும். என் ஓட்டு யாருக்கு என்பதை நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. பந்தி பரிமாறுகிறவள் முதல் கரண்டியைத் தன் இலையில் வைத்துக்கொள்வாளா? எனக்கு நானே போட்டுக்கொள்வது அந்த மாதிரி அசிங்கமாகப் பட்டது. அண்ணிக்குப் போட்டுவிடுவோம், ஊர்க்காரர்கள் எனக்குப் போடட்டும், அதுதான் மரியாதை என்று மனதில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லியிருந்தால் அந்த முள்கரண்டியாலேயே குத்தியிருப்பார்.

வாக்குப்பதிவு அன்று காலையில் தூறல். பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து வேலி வரைக்கும் வரிசை. புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டு போயிருந்தேன். கும்பிடு போடுகிறவர்களுக்குத் திரும்பக் கும்பிடு போட்டு, சிரித்து, பேசி நிற்பதற்கு என்னால் முடியாது. புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் கேட்டார்.

"என்னம்மா, பரீட்சைக்கா வந்திருக்கீங்க?"

"அந்த மாதிரிதாங்க."

"காப்பி அடிக்கக் கூடாது, ஆமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

விட்ட இடத்திலிருந்து படித்தேன். அது நான் எப்போதும் தள்ளிவிட்டுப் போகிற அத்தியாயம் என்பது இரண்டு பக்கம் போன பிறகுதான் உறைத்தது. செவ்வாயில் வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர்ப் பொறுப்புக்கு ஆள் எடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கூழாங்கல் கொடுப்பார்கள். போட்டியிடுகிறவர்களின் பாத்திரங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். யாருக்கு விருப்பமோ அவர் பாத்திரத்தில் கல்லைப் போட வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குழாய் பழுது பார்க்கிறவள் நேராகப் போய்த் தன் பாத்திரத்திலேயே தன் கல்லைப் போடுவாள். இயந்திர மனிதன் வழக்கம்போல ஏன் என்று கேட்பான். "நானே என்னை நம்பாமல் மற்றவர்களை எப்படி நம்பச் சொல்வேன்?" என்பாள் அவள்.

இருபது வயதில் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தது ஞாபகம் இருக்கிறது. என்ன திமிர் என்று தோன்றியது. அதற்குப் பிறகு எத்தனை முறை படித்தாலும் அந்த இரண்டு மூன்று பக்கங்களைப் புரட்டிவிட்டு, மணற்புயல் வரும் இடத்துக்குப் போய்விடுவேன். அன்றைக்கு வரிசை நகரவில்லை. புரட்டிவிட்டுப் போக அவசரமும் இல்லை. திரும்பவும் படித்தேன். அவள் கல்லைப் போடும்போது கை நடுங்கியதாக ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

உள்ளே போனேன். விரலில் மை வைத்தார்கள். நான்கு நிறத்தில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். தலைவருக்கு, ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு என்று மூன்றை மறைப்புக்குள் நின்று சட்டென்று முத்திரை குத்தி மடித்துவிட்டேன். வெள்ளைச் சீட்டு வார்டுக்கு. அதில் இரண்டே கட்டம். மேலே அண்ணி பெயரும் சாவியும். கீழே என் பெயரும் முள்கரண்டியும். என் பெயரை அச்சில் அதற்கு முன் ரேஷன் கார்டில்தான் பார்த்திருக்கிறேன்.

முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி எடுத்தேன். மேல் கட்டத்துக்கு நேராகக் கை போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அண்ணியின் ஜாக்கெட் நினைவுக்கு வந்தது. விடிகாலையில் குழாயடியில் வரிசையாக இருக்கும் குடங்கள் நினைவுக்கு வந்தன. அண்ணிக்குப் போட்டால் அது மரியாதையாக இருக்கும், ஆனால் வால்வு வேண்டும் என்று தெருவையே கேட்டுவிட்டு வால்வு வேண்டாம் என்று நான் ஒருத்தி குத்துவதாகவும் இருக்கும். கையைக் கீழே கொண்டுவந்தேன். யாரோ பின்னால் நின்று பார்ப்பது மாதிரி கூச்சம் பிடுங்கியது. முள்கரண்டி மேல் குத்தத் துணிச்சல் வரவில்லை. கட்டத்தின் கடைசி மூலையில், கோட்டைத் தொடாமல், முத்திரையைச் சும்மா வைத்து எடுத்தேன். பட்டும் படாமலும்தான் அழுத்தினேன். காத்திருந்த நேரத்தில் மையும் காய்ந்துபோயிருந்தது. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"போட்டியாடி?" என்றார் அக்கா.

"போட்டுட்டேன்க்கா."

"யாருக்குன்னு கேக்க மாட்டேன். உனக்குப் போடலன்னா கொன்னுடுவேன்."

சில நாள் கழித்து, ஒன்றிய அலுவலகம் இருக்கிற ஊரில் ஒரு பள்ளியில் ஓட்டு எண்ணிக்கை நடந்தது. வேட்பாளரும் அவர் சார்பில் ஒருவரும் உள்ளே இருக்கலாம். என் சார்பில் என் வீட்டுக்காரர் வந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் தெருக்காரர்களும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். எங்கள் ஊர் முறை வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் வெளியே போனார். போனவரைத் திரும்ப உள்ளே விடவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் வார்டைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும். அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும். நடுவில் ஒரு பெண் அதிகாரி. ஏதோ பள்ளியில் டீச்சராக இருப்பவர் என்று நினைக்கிறேன். சீட்டைப் பிரித்து இரண்டு பக்கத்துக்கும் காட்டி அடுக்கிய விதம் விடைத்தாள் அடுக்குவது மாதிரி இருந்தது. சாவி ஒரு பக்கம், முள்கரண்டி ஒரு பக்கம். சாவிக்கட்டு உயர்ந்தது. பிறகு முள்கரண்டிக்கட்டு உயர்ந்தது. எல்லோரும் சின்னத்தின் மேலேயே ஓங்கிக் குத்தியிருந்தார்கள். சிலர் குத்திய வேகத்தில் கரண்டியே மறைந்து போயிருந்தது. டீக்கடையில் சிரித்தவர்களில் சிலரும் இதில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு சீட்டை மட்டும் அதிகாரி எந்தப் பக்கமும் வைக்காமல் ஓரமாக வைத்தார். எல்லாம் எண்ணி முடித்தபோது இரண்டு கட்டும் சமம்.

"இது ஒண்ணு சந்தேகம்" என்று ஓரமாக வைத்ததை எடுத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். கீழ்க் கட்டத்தில், கடைசி மூலையில், காய்ந்துபோன மையில் ஒரு மங்கலான தடம். அது என் சீட்டு.

அண்ணன் முன்னால் சாய்ந்தார். "மை பட்டிருக்கு, அவ்வளவுதாங்க மேடம். ஓட்டுப் போடறவன் மூலையில கொண்டு போயா குத்துவான்? செல்லாதுன்னு வெச்சிடுங்க. சமம்னா சீட்டு குலுக்கிப் பாத்துக்கலாம்."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "முத்திரை மாதிரி தெரியலையே" என்றார். சீட்டு செல்லாத ஓட்டுகள் இருந்த அட்டைப் பெட்டியின் பக்கம் போனது.

என் சீட்டு என்று சொல்ல முடியாது. ரகசிய ஓட்டு. சொன்னால் எல்லாமே கெட்டுப் போகும். சொல்லாமல் இருந்தால் குலுக்கல். குலுக்கலில் சாவி வந்தால் இன்னும் ஒரு பதவிக்காலம் முழுக்கக் குழாய் இருமிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தேன். இல்லை. பேசுவதற்கு அக்கா இல்லை. முகத்தை மறைத்துக்கொள்ளப் புத்தகமும் இல்லை. அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் எழுந்து நின்றேன்.

"மேடம், அதை வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துடுங்க."

மனதுக்குள் சொல்லிப் பார்க்காமல் சொன்ன வாக்கியம் அது. சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தித் திரும்பினார்கள். அண்ணன் என்னை முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு அதுல?"

"மை சிந்தியிருந்தா ஒரு பொட்டா இருக்கும் அண்ணே. முத்திரையா இருந்தா அம்புக்குறி தெரியும். மேடம் பாத்துட்டுச் சொல்லட்டும். செல்லாதுன்னா நான் ஒண்ணும் சொல்லல."

உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். அன்றைக்கும் காலையில் இருந்த தூறல் விட்டு வெயில் வந்திருந்தது. சீட்டைச் சாய்த்துப் பிடித்தார். திருப்பினார். எங்களை அருகே கூப்பிட்டார். சாய்ந்த வெளிச்சத்தில், காகிதத்தில் மெல்லிய பள்ளமாக, முத்திரையின் நான்கு அம்புகளும் தெரிந்தன. ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை.

"இது எந்தக் கட்டத்துல விழுந்திருக்குன்னு யாரு சொல்றது?" என்றார் அண்ணன்.

அண்ணி கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏங்க, கண்ணு தெரியலையா? கரண்டிப் பக்கந்தான் இருக்கு. கோட்டுக்குள்ளதான் இருக்கு." அண்ணன் முறைத்தார். "முறைச்சா? இருக்கறதைத்தானே சொல்ல முடியும்" என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "குத்துனவ யாரோ, நெத்திக்குப் பொட்டு வெக்கற மாதிரியில்ல வெச்சிருக்கா."

நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி அந்தச் சீட்டை முள்கரண்டிக்கட்டின் மேல் வைத்தார். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு, புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் கையில் டீ கிளாஸ் இன்னும் இருந்தது.

"என்னாச்சு?"

"ஜெயிச்சாச்சு."

"எவ்வளவுல?"

"ஒண்ணுல."

"போதும்" என்றார். கிளாஸை யாரிடமோ கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா என்னைத் தூக்கிவிட்டார். களை பறிக்கிற கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. லோடு ஆட்டோவின் பின்னால் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். வழி நெடுக இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கி நின்றது. அக்கா முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த பஸ்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்த ஒரு ஓட்டு தன்னுடையதுதான் என்று அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டார். மறுநாள் எதிர்வீட்டுப் பாட்டி, நடக்க முடியாத தன்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனதை ஞாபகப்படுத்தி, அது தன் ஓட்டுதான் என்றார். திருப்பூரில் வேலை பார்க்கிற ஒரு பையன், இரவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போட்ட தன் ஓட்டு இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். வாய்க்கால் பக்கத்தில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் அந்த ஓட்டுக்குச் சொந்தம் கொண்டாடியது. நான் எல்லோரிடமும் ஆமாம் என்றேன். பொய்யில்லை. அவர்கள் ஓட்டில் எது குறைந்திருந்தாலும் குலுக்கலுக்குத்தான் போயிருப்போம். மூலையில் கிடந்தது யாருடையது என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இனிமேல் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதல் ஊராட்சிக் கூட்டத்தில் மனுவை எழுதிக்கொண்டு போனேன். படித்துக் காட்டலாமா என்று கேட்டேன். தலைவர், "பேசியே சொல்லுங்கம்மா" என்றார். பேசினேன். கோடைக்கு முன்னால் தெருவின் நடுவில் குழி தோண்டி, குழாயை அறுத்து, கேட் வால்வைப் பொருத்தினார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த சின்னச் சக்கரம். அதைத் திருப்ப ஊராட்சி ஆள் வந்த முதல் காலையில் நாங்கள் எல்லோரும் குடத்தோடு நின்றோம். குழாய் வழக்கம்போல இருமியது. அப்புறம் இருமவில்லை. தண்ணீர் குடத்தின் அடியில் விழுந்த சத்தத்தில் என் பக்கத்தில் நின்ற பெண் ஓரடி பின்னால் போனாள். இரண்டாவது நாள் அண்ணி எங்கள் பக்கம் நடந்து வந்து, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டைவிட வேகமா வருதேடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் போனது. அக்கா இடுப்பில் குடத்தோடு என் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

"அந்தச் செவ்வாய்க்காரங்க என்னடி ஆனாங்க?"

"அதான் பாதியில நிக்குதேக்கா."

"நிக்குதில்ல? குடம் வெச்சா ரொம்பிடுது. உக்காரவே நேரமில்ல, நீ எப்ப சொல்றது? முடிவு தெரியாம அடுத்த தடவை உனக்கு ஓட்டு கெடையாது, சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்தோம். குழாயடியில் இருந்தவர்கள் எல்லோரும் குடம் இல்லாமல் வந்தார்கள். நான் இப்போது குரலைத் தாழ்த்துவதில்லை. கடைசியில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் இல்லையா? ஒரு நாள் கூழாங்கல் அத்தியாயம் வந்தது. இந்தத் தடவை புரட்டவில்லை. பழுது பார்க்கிறவள் நடுங்கும் கையோடு தன் பாத்திரத்தில் தன் கல்லைப் போட்ட இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன்.

"அவளுக்கு அவ போட்டுக்கிட்டா. அதுல என்னடி இருக்கு?" என்றார் அக்கா. "மேல படி."

மேலே படித்தேன்.